தொட்டிச் சுவரில் உளி வைத்த நாள்

ஓடவில்லை. நடந்தேன். பட்டப்பகலில் காக்ஸ் டவுனில் ஒருவன் ஓடினால், எதற்கென்று தெரியாமலே நாலு பேர் பின்னால் ஓடிவருவார்கள். அதனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி நடந்தேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. அந்நேரத்துக்கு எந்தச் சித்தாளும் வேலை முடிந்து போவதில்லை என்பது நாலு தெரு தாண்டின பிறகுதான் உறைத்தது.

கை இரண்டும் முழங்கை வரை வெள்ளை. சுண்ணாம்பு காய்ந்து தோலை இழுத்தது. நடக்க நடக்கத் தொடையில் ஏதோ இடித்துக்கொண்டே வந்தது. பேண்ட் பையில் கைவிட்டுப் பார்த்தேன். உளி. சைட்டில் கொடுத்த உளி. அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி திருட்டுக் கேஸும் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முதுகு சில்லிட்டது. தாண்டிப் போனதும் மூச்சு வந்தது. உடனே அடுத்த ஸ்கூட்டர். பெங்களூரில் ஸ்கூட்டருக்கா பஞ்சம்? அந்த ஒரு மைல் தூரத்துக்குள் மனசுக்குள்ளேயே பல தடவை பிடிபட்டேன்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ‘மஞ்சண்ணா சைட்’ என்று காட்டியது. எடுக்கவில்லை. அணைத்தேன். அணைத்த பிறகும் அது அதிர்கிற மாதிரியே இருந்தது.

ஓடிப் பழகியவன்

ஓசூரில் ஹாலோ பிளாக் பட்டறையை விட்டுக் கிளம்பியதை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறை. அதற்கும் முன் கடலோரத்தில் ஒரு மீன் கம்பெனி. எட்டாம் வகுப்பை முடிக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டதுதான் முதல் ஓட்டம். ஒரு இடத்தை விட்டுப் போவது எனக்குப் பெரிய விஷயமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டால் கிளம்பிவிடுவேன்.

ஆனால் அதெல்லாம் யாரும் என்னைத் தேடமாட்டார்கள் என்று தெரிந்து கிளம்பியது. மீன் கம்பெனியில் நான் போன மறுநாள் என் இடத்தில் வேறொருவன் நின்றிருப்பான். இந்த முறை அப்படியில்லை. நான் ஒரு சுவரைக் கொத்திவிட்டு வந்திருந்தேன். அந்தச் சுவரை நம்பி ஒரு வீடும் ஒரு மைதானமும் இருந்தன. அவற்றை நம்பி எஸ்தர் டீச்சர் இருந்தார்.

வீடு வெள்ளைக்காரன் காலத்தது. ஜன்னல்களுக்கு மேலே மரப்பட்டியில் கூம்பாகக் குல்லாய் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே சிவப்புத் தரை. அதில் வெறுங்காலோடு நின்றால் ஏப்ரல் மாதத்திலும் பாதம் குளிரும். எஸ்தர் டீச்சரின் அப்பா வாங்கிய வீடு அது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாமல் நடப்பார். ‘டேய்’ என்று ஒருவரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் எதிரில் நிற்கப் பயமாக இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம். ஒரு கோடியில் குதிரைகள் தண்ணீர் குடிக்கக் கட்டிய நீளமான கல்தொட்டி, அதை ஒட்டி ஆள் உயரச் சுவர். மைதானம் முழுக்க முழங்கால் உயரக் கற்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் இரும்பு வளையம், அல்லது வளையம் இருந்த ஓட்டை. பக்கத்து ஜீவனஹள்ளி ஆட்கள் அவற்றில் ஆடு கட்டுவார்கள்.

தண்டு

பட்டாளம் வந்து கூடாரம் அடித்த இடம் அது. இதை எனக்குச் சொன்னது கோவிந்தம்மா. என்னோடு சித்தாள் வேலை பார்த்தவர். வயது நாற்பதுக்கு மேல். ஜீவனஹள்ளியிலேயே பிறந்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், நடுவில் உருதுவில் ஒரு வசவு இருக்கும்.

“நாங்க தண்டு ஆளுங்கய்யா. ஊருக்குள்ளாற இருந்தவங்க வேற, தண்டுல இருந்தவங்க வேற” என்பார்.

கன்டோன்மென்டைப் பழைய ஆட்கள் தண்டு என்றுதான் சொல்கிறார்கள், கன்னடத்திலும் தமிழிலும். தண்டு என்றால் எனக்கு வாழைத்தண்டும் கீரைத்தண்டும்தான் தெரியும். அதைச் சொன்னதற்கு அன்றைக்கு முழுவதும் சிரித்தார். “ஆரணிக்காரருக்குத் தண்டுன்னா கூட்டு வைக்கணும்” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். சைட்டில் என் பெயரே ஆரணிதான். சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மைதானம் தனக்குச் சொந்தம் என்று ஒரு கட்டடக் கம்பெனி காகிதம் வைத்திருந்தது. அங்கே அடுக்குமாடி எழுப்ப ஆழமாகத் தோண்டினால் பக்கத்தில் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் நிற்கிற வீடு பிளந்துவிடும். வீட்டையும் மைதானத்தையும் சேர்த்து ஒரே பழைய இடமாகப் பாதுகாக்க வேண்டும் என்று டீச்சர் மனு போட்டிருந்தார். ‘பட்டாளம் தங்கிய இடமா? வெறும் தரிசு அது’ என்றது கம்பெனி. வளையம் வைத்த கற்களைக் காட்டினால், மாடு கட்டிய கல் என்றார்கள். அப்படிச் சொன்ன வாரமே பதினைந்து இருபது கற்கள் காணாமல் போயின.

திங்கட்கிழமை ஒரு கமிட்டி நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பட்டாளம் இருந்ததற்குக் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி ஏதாவது வேண்டும். நான் நடந்துகொண்டிருந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

உளீபேக்கு

பதினொரு நாளாக அந்தத் தொட்டிச் சுவரில்தான் எங்களுக்கு வேலை. எந்தக் காலத்திலோ எவனோ பாதிச் சுவருக்குச் சிமென்ட் பூசி வைத்திருந்தான். பழைய சுவருக்குச் சிமென்ட் ஆகாது, உள்ளே ஈரம் தங்கிச் செங்கல் மாவாகிவிடும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைப்பார்கள். புளித்த இனிப்பு வாசம் அடிக்கும். ஈ மொய்க்கும். பசி நேரத்தில் அந்த வாசம் வயிற்றைப் பிசையும்.

வேலையை மேற்பார்த்தவர் மஞ்சுநாத். எல்லோருக்கும் மஞ்சண்ணா. துமகூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் மட்டும். எனக்கோ கன்னடத்தில் ‘பேக்கு’ என்றால் வேண்டும், ‘பேடா’ என்றால் வேண்டாம், ‘ஊட்டா’ என்றால் சோறு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு நாள் ஓடவும் செய்தது.

தினமும் காலையில் சிமென்ட் பகுதியைக் காட்டி ஏதோ நீளமாகச் சொல்வார். கடைசியில் “கொத்தாயித்தா?” என்பார். கொத்தி ஆயிற்றா என்று கேட்கிறார் போலிருக்கிறது, வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே இப்படி அவசரப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, “ஆச்சுண்ணா, ஆச்சு” என்பேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

அந்த வெள்ளிக்கிழமை சுவரின் மறுபாதியில் வெள்ளையடித்த இடத்தை ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏடு ஏடாக வெள்ளை உரிந்தது. உள்ளே பழைய காரைப் பூச்சு, பழுப்பு நிறத்தில் வழவழவென்று. அதில் கீறல்கள். இன்னும் தேய்த்தேன். எழுத்துகள்.

தமிழ் எழுத்து. பூச்சு ஈரமாக இருக்கும்போது ஆணியாலோ குச்சியாலோ எழுதியது. ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. ‘சினனபபன குதிரைககாரன’ என்று இருந்தது. வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் சின்னப்பன் குதிரைக்காரன் என்று பிடிபட்டது. அதன் கீழே முனியன் புல்லுக்காரன். அதன் கீழே அந்தோணி லாடக்காரன். கடைசியாக ராயப்பன் என்ற பெயர் மட்டும். எழுதினவன் என்னைப் போலப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் உண்டு என்று டீச்சர் பிறகு சொன்னார்.

மஞ்சண்ணாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் கண் விரிய நின்றார். போனில் ஒரு படம் எடுத்தார். கையெல்லாம் ஆட்டி என்னென்னவோ பேசினார். எனக்குக் கேட்டது இது மட்டும்தான்:

“இது உளீபேக்கு. கொத்தாயித்தா? உளீபேக்கு!”

உளி வேணும். இன்னும் கொத்தலியா. உளி வேணும்.

“சரிண்ணா” என்றேன். அவர் கிட்டத்தட்ட ஓடினார், டீச்சரைத் தேடி.

கேட்காமல் விட்டது

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் குருடனல்ல. நாலு மனிதர்களின் பெயரைப் படித்தேன். இதைப் போய் ஏன் கொத்தச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. அடியில் இருக்கும் செங்கல்லைக் கமிட்டிக்குக் காட்டப்போகிறார்கள் போல என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சைட்டில் கேள்வி கேட்கிறவனை, வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பயம் பல வருஷப் பழக்கம்.

மேலிருந்து ஆரம்பித்தேன். பழைய காரை சிமென்ட் மாதிரி முரண்டு பிடிக்கவில்லை. உளி பட்டதும் பிஸ்கட் மாதிரி கழன்றது. சின்னப்பன் போனார். முனியன் போனார். அந்தோணியின் லாடம் போனது.

கோவிந்தம்மா டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யோவ் ஆரணி, என்னய்யா பண்ற?”

“அண்ணா கொத்தச் சொன்னாரு.”

“இதையா? கேட்டாண்ட என்னைப் புடிச்சி எழுத்து கெடைச்சிதுன்னு குதிக்கிறாரேய்யா அந்த மனுஷன்!”

“உளி வேணும்னு சொன்னாருக்கா. ரெண்டு தரம் சொன்னாரு. உளீபேக்குன்னு.”

டீக் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடப்பாவி மனுஷா. உளீபேக்குன்னா இருக்கணும்யா. அழியாம இருக்கணும். காப்பாத்தணும்!”

“அப்ப கொத்தாயித்தான்னு கேட்டாரே?”

“அது புரிஞ்சுதான்னு கேக்கறது! தெனம் உன்னை அதைத்தானேய்யா கேக்கறாரு! புரியலன்னு சொல்லக்கூடாதா உன் வாயால?”

கேட் பக்கம் மஞ்சண்ணாவின் குரல் கேட்டது. கூடவே டீச்சரின் குரல். அத்தனை வருஷத்தில் டீச்சர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் தான் கேட்டதாகக் கோவிந்தம்மா பிற்பாடு சொன்னார். அந்தச் சிரிப்பு சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. மைதானத்தின் பின்பக்க மதில் ஒரு இடத்தில் இடிந்திருக்கும். அதன் வழியாக வெளியே வந்தேன்.

வெள்ளைச் சட்டை

கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் ஜோலார்பேட்டை வண்டி எது வந்தாலும் ஏறுவது என்று யோசனை. ஃபிரேசர் டவுனில் ஒரு சர்ச் வாசலில் தண்ணீர்க் குழாய் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு நகக்கண்ணில் இருந்து போகவில்லை.

“ஆரணி.”

குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

புல்லட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. எனக்கு ஆளைத் தெரியும். மூன்று நாள் முன்னால் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர், சுத்தமான தமிழ். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். சுவர் சுரண்டுகிறோம் என்று வெகுளியாகச் சொல்லியிருந்தேன்.

“சுவரு போச்சாமே?” என்றார்.

நான் கொத்தி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. யார் சொன்னார்கள்? கட்டடக் கம்பெனிக்காரர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் வைத்திருந்தார்களா, வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்ததா? இன்று வரை தெரியாது.

“தெரியாம நடந்துபோச்சுங்க.”

“ஏன் நடுங்கற? நல்ல காரியம்தான் பண்ணியிருக்க. உக்காரு.” அருகில் இருந்த சிமென்ட் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னால் உட்காருகிற உடம்பு இது.

“நாளைக்குக் காலையில பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்துடு. ரெண்டாவது ஸ்டேஜ்ல நம்ம கம்பெனி இருக்கு. கேட்ல செக்யூரிட்டி. யூனிஃபார்ம், தங்க ரூம், ரெண்டு வேளை சாப்பாடு. வெயில்ல சுவரு சொரண்ட வேணாம்.”

“எனக்கு எதுக்குங்க…”

“திங்கக்கிழமை ஒருத்தர் வந்து கேப்பாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அந்த எழுத்தை டீச்சரம்மாதான் போன வாரம் எழுதச் சொன்னாங்க, சரியா வரலன்னு அவங்களே கொத்தவும் சொன்னாங்க. அவ்வளவுதான்.”

சர்ச் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“பழைய எழுத்துங்க அது” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். இனிமே யாரு வந்து படிக்கப் போறா?” வண்டியைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “ஆரணி டவுனா, பக்கத்துல கிராமமா?”

நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன்.

“சும்மா கேட்டேன். விசாரிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு பெயர்

ஸ்டேஷனில் ஜோலார்பேட்டை போகிற வண்டி ஒன்று வந்து நின்றது. கிளம்பியும் போனது. ஏறவில்லை. ஏறி இறங்கினால் ஊர். ஊரைத்தான் அவர் கேட்டிருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் எதையோ முணுமுணுப்பது எனக்கே காதில் விழுந்தது. சின்னப்பன் குதிரைக்காரன், முனியன் புல்லுக்காரன், அந்தோணி லாடக்காரன், ராயப்பன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நிறுத்தினால் மறந்துபோய்விடும் என்று தோன்றியது. மறந்தால் அப்புறம் எங்கேயும் இருக்காது. சுவரில் படித்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டேன். கசங்கிய டிக்கெட் ஒன்று பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அதன் பின்புறம் எழுதினேன். பழக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு, பிறகு அடித்துவிட்டு, சுவரில் இருந்த மாதிரியே புள்ளியில்லாமல் திரும்ப எழுதினேன்.

“என்ன தம்பி, புள்ளி வைக்க மறந்துட்டீங்களே” என்றார் பேனாக்காரர்.

“அவங்க வைக்கலைங்க” என்றேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே படுத்தேன். தூங்கவில்லை.

மறுநாள்

காலையில் பீன்யா பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தேன். கண்டக்டர் “ஏறு, இல்ல இறங்கு” என்கிற அர்த்தத்தில் கத்தினார். இறங்கினேன்.

நான் நல்லவன் என்பதால் இறங்கவில்லை. பீன்யாவுக்குப் போனால் காலமெல்லாம் அந்த வெள்ளைச் சட்டையின் கையில் இருப்பேன். டீச்சரிடம் போனால் போலீஸில் கொடுப்பார். போலீஸ் அடித்துவிட்டு ஒரு நாள் விட்டுவிடும். எந்தப் பயம் சின்னது என்று பார்த்து இறங்கினேன், அவ்வளவுதான்.

கேட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சண்ணா என் சட்டையைப் பிடித்தார். கன்னடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதற்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. கோவிந்தம்மா நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்.

“விடண்ணா, நீ சொன்னது உனக்குப் புரிஞ்சுது, அவருக்கு உளின்னு கேட்டுது. ரெண்டு பேரும் பதினோரு நாளு தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க” என்று தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் சொன்னார்.

மஞ்சண்ணாவின் பிடி தளர்ந்தது. தான் சொன்ன வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், பதில் சொல்ல வேண்டும். போனைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முந்தின நாள் எடுத்த படம். ஈரச் சுவரில் வெயில் பட்டு ஒரே பளபளப்பு, குறுக்கே அவருடைய நிழல். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

டீச்சர் பின்வாசல் படியில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. குரல் எப்போதும் போல.

“மஞ்சு போலீஸுக்குச் சொல்லணும்னார். நான் சொல்லலை. ஏன்னு எனக்கே தெரியலை. நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?”

உளியைப் படியில் வைத்தேன். டிக்கெட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரு தரம் அல்ல. வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஊரைக் கேட்டதையும் சொன்னேன்.

“மிச்சம் இருக்கறது ராயப்பன் ஒருத்தர்தான்” என்றார். “வெறும் பேரு. அவர் யாரு, இங்க எதுக்கு வந்தார்னு அதுல இல்லை.”

“ராயப்பன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான்” என்றார் கோவிந்தம்மா. “நேத்து எங்க தெரு ராயப்பன் கீறினதுன்னு சொல்லிடுவாங்க.”

“இதைச் சுவத்துல படிச்சேன்னு கமிட்டி முன்னால சொல்வீங்களா? அந்த ஆள் பேசினதையும்?” டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். “வாயால சொன்னா போதாது. பேர், அப்பா பேர், ஊர், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தக் காகிதத்தைக் கம்பெனிக்காரங்களும் படிப்பாங்க. அதைச் சொல்லாம உங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கமாட்டேன்.”

மைதானத்துக்கு அப்பால் தெருவில் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்துப் போனது. அது போகும்வரை நாங்கள் நாலு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதினேன். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. என் முழுப் பெயரை அத்தனை வருஷத்தில் எந்தச் சைட்டிலும் எழுதியதில்லை. அப்பா பெயரை அடித்துவிட்டு இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது. ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கிராமத்தின் பெயரையே எழுதினேன்.

“பெயரு நல்லாத்தானேய்யா இருக்கு, இத்தினி நாளு எதுக்கு ஆரணின்னு இருந்த?” என்றார் கோவிந்தம்மா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

காகிதத்தை மடித்துவிட்டு, “இது மட்டும் போதாது” என்றார் டீச்சர். “ஒருத்தர் வார்த்தை இது. அவங்க பத்துப் பேர் வார்த்தை கொண்டுவருவாங்க.”

கோவிந்தம்மா தொட்டிக்குப் பின்னால் இருந்து இரண்டு கோணிகளை இழுத்துவந்தார். நான் கொத்திப் போட்டதை முந்தின நாள் சாயந்தரமே கையால் கூட்டி அள்ளிக் கட்டி வைத்திருந்தார். லாரியில் ஏற்ற வந்தவர்களைத் துரத்தியும் விட்டிருந்தார். மஞ்சண்ணா ஒரு சல்லடையைக் கொண்டுவந்தார், மணல் சலிப்பது அல்ல, டீச்சர் வீட்டு மாவுச் சல்லடை. டீச்சர் ஒரு பழைய வெள்ளை மேஜை விரிப்பைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். கீறல் உள்ள துண்டு நகம் அளவு இருந்தாலும் விரிப்புக்கு வர வேண்டும். கீறல் இல்லாதது தனியாக. திங்கட்கிழமைக்குள். தமிழ் எழுத்தை அடையாளம் சொல்ல அங்கே இரண்டு பேர்தான். அதில் டீச்சருக்குக் கண் சரியில்லை.

அதுதான் அன்று காலையில் எனக்குக் கிடைத்த வேலை.

முதல் பிடியில் தூசி தவிர எதுவும் இல்லை. இரண்டாவது பிடியில் ஒரு சுழி கிடைத்தது. னகரத்தின் சுழியா, ணகரத்தின் சுழியா என்று சொல்ல முடியவில்லை. மூன்று பெயரிலும் சுழி உண்டு. விரிப்பின் நடுவில் வைத்தேன். மஞ்சண்ணா குனிந்து பார்த்து, விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும். யார் என்று கோவிந்தம்மா எட்டிப் பார்ப்பார். பால்காரர், கேஸ்காரர், மின்சார மீட்டர் பார்க்கிறவர். “ஒண்ணுமில்ல, சலி” என்பார். மறுபடி சலிப்பேன்.